முப்பத்தொன்றாம் போன் யார் கையில்

எங்கள் வீட்டில் போனைக் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும். திரை தெரிய மேசையில் கிடந்தால் என் மனைவிக்குச் சமையலறையில் நிற்கும்போதே தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் செய்தித்தாள் கேட்டு வருவார். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் கை மேசைக்குப் போய் எல்லாப் போனையும் புரட்டிப் போட்டிருக்கும்.

"அவருக்குக் கண்ணே சரியாத் தெரியாதே" என்றேன் ஒருமுறை.

"தெரியாதவங்கதான் கிட்ட வந்து பாப்பாங்க" என்றாள்.

அவள் வேலை பார்த்தது வீடுகளுக்கு நர்சுகளை அனுப்பும் ஒரு நிறுவனத்தில். டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. படியேறும்போதே ரப்பர் வாடை அடிக்கும். படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகளை அவர்கள் வீட்டிலேயே நர்சுகள் முறை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். ஒருத்தி காலை ஆறிலிருந்து இரண்டு மணி வரை, இன்னொருத்தி இரண்டிலிருந்து இரவு பத்து வரை. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு ஆபீஸ் போன் உண்டு. அது அந்த வீட்டிலேயே மருந்துத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, புண் ஆறுகிறதா என்று எடுத்த படம், டாக்டர் சொன்னது, வாசல் கதவின் பூட்டுக்கு என்ன எண் என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். வருகிற நர்ஸ் தன் பெயரைப் போட்டு, தன் பாஸ்வேர்டை அடித்து உள்ளே போக வேண்டும். போகிறவள் அதற்கு முன் தன் பெயரை எடுத்துவிட வேண்டும். அப்படி நாற்பத்தெட்டு போன்கள். நாற்பத்தெட்டுக்கும் என் மனைவிதான் பொறுப்பு.

எந்தப் போன் எங்கே இருக்கிறது, எத்தனை சார்ஜ் மிச்சம், யார் பெயரில் திறந்திருக்கிறது, எந்தப் பக்கத்தை எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்பதெல்லாம் அவள் கம்ப்யூட்டரில் வரிவரியாக விழும். அதைத்தான் பதிவு என்பாள். போன் தொலைந்துபோனதாகத் தகவல் வந்தால் அரை மணி நேரத்தில், இருந்த இடத்திலிருந்தே அதில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடுவாள். நர்சுகள் அவளுக்குப் பூட்டக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் பார்ப்பாள், கோபப்படமாட்டாள்.

யாரையும் அவள் நம்பியதில்லை. நம்பும்படி நர்சுகளும் நடந்துகொண்டதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உடைந்த போன்கள் எல்லாம் தானாகவே உடைந்தவைதான். ஒன்று சலவை எந்திரத்துக்குள் போர்வையோடு முக்கால் மணி நேரம் சுற்றிவிட்டு வந்தது. "லேசா ஈரம் பட்டுடுச்சு" என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். இன்னொன்றைப் பூனை தட்டிவிட்டதாக ஒருத்தி சொன்னாள். என் மனைவி அந்த வீட்டுக்குப் போன் செய்து, மாத்திரை விவரம் கேட்பதுபோலக் கேட்டுவிட்டு, "வீட்ல பூனை ஏதாவது வளக்கறீங்களா?" என்று முடித்தாள். அந்த வீட்டில் மீன்தொட்டிதான் இருந்தது.

அதனால் பாஸ்வேர்டைப் பன்னிரண்டு எழுத்து ஆக்கினாள். அதில் ஒரு எண் வேண்டும், ஒரு குறி வேண்டும், ஆங்கிலத்தில் ஒரு பெரிய எழுத்து வேண்டும். ஒரு நிமிடம் யாரும் தொடாவிட்டால் போன் பூட்டிக்கொள்ளும். விரல் ரேகை வைக்கலாமே என்று மேனேஜர் கேட்டதற்கு, கையுறை போட்ட கையில் ரேகை ஏது என்று சொல்லிவிட்டாள். எல்லா நர்சுகளிடமும் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினாள். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ, அவர்தான் அந்த நேரத்தில் போனைக் கையில் வைத்திருந்தவர் என்பது அதில் உள்ள முக்கியமான வரி. அந்த வரியை எழுதி முடித்த அன்று அவள் நிம்மதியாகத் தூங்கியது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அவளுக்கு ஒரே ஒரு பெருமை இருந்தது. எல்லாப் போனிலும் பயிற்சிக்கென்று நாலு நிமிட வீடியோ ஒன்று ஏற்றியிருந்தாள். கைகளை எப்படிக் கழுவ வேண்டும், விரலிடுக்கு எப்படி, மணிக்கட்டு எப்படி என்று ஒரு பெண் பொறுமையாகக் காட்டுவாள். அதை ஒரே மாதத்தில் ஆயிரத்து நானூறு தடவை பார்த்திருக்கிறார்கள் என்று பதிவு சொன்னது. மேனேஜர் அந்த எண்ணைப் பெரிதாக அச்சடித்து ஆபீஸ் சுவரில் ஒட்டினார். "வேற எதுல பொய் சொன்னாலும் சுத்தத்துல இவங்க சுத்தம்" என்று என்னிடம் சொல்வாள். அவள் வாயால் நர்சுகளைப் பற்றி நல்லதாக நான் கேட்ட ஒரே வாக்கியம் அது.

முப்பத்தொன்றாம் போன் விவகாரம் ஒரு திங்கட்கிழமை தொடங்கியது.

அந்தப் போன் இருந்தது பக்கவாதம் வந்து பேச்சு குழறிப்போன ஒரு அம்மாளின் வீட்டில். வெளியூரில் இருக்கும் அவர் மகன் காலை ஒன்பது மணிக்கு மேனேஜரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். அவருடைய அம்மாவின் பக்கம் முழுவதும், முதுகுப் புண்ணின் படம், மாத்திரைகள், வாசல் பூட்டின் எண் எல்லாம் சேர்ந்து ஒரு படமாக அவர்களுடைய உறவினர் குழுவில் வந்திருக்கிறது. நாற்பது பேர் பார்த்திருக்கிறார்கள். யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால், எனக்கு வேறு ஒருவர் அனுப்பினார் என்று ஒவ்வொருவரும் கையை விரிக்கிறார்கள். அது போனுக்குள்ளேயே எடுத்த படம் அல்ல, அப்படி எடுக்க முடியாதபடி என் மனைவி தடுத்து வைத்திருந்தாள். இன்னொரு போனை வைத்து இந்தப் போனின் திரையைப் படம் பிடித்திருக்கிறார்கள். திரையின் மூலையில் நேரம் தெரிந்தது. இரண்டு பன்னிரண்டு.

பதிவில் அவள் தேடவே வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை, இரண்டு பன்னிரண்டு, அந்தப் பக்கம் திறந்திருக்கிறது. திறந்த பெயர், காலை முறை நர்ஸ்.

அவளை எல்லோரும் புதுசு என்று கூப்பிடுவார்கள். முப்பத்தைந்து வயது. வேலைக்குச் சேர்ந்து நாலு வருடம் ஆகியும், அவளுக்குப் பின் சேர்ந்தவர்கள் எல்லாம் ஓடிப்போய்விட்டதால் பெயர் அப்படியே நின்றுவிட்டது. கணவர் லாரி ஓட்டுபவர். வாரத்தில் நாலு நாள் வெளியூர். மகனை இரண்டரை மணிக்குப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டும் என்பதற்காகவே காலை முறை கேட்டு வாங்கியவள். வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் அறிக்கை வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அந்த அறிக்கையில் பெயர் வந்தால் வேலை போகும். அதோடு முடியாது. நோயாளி விஷயத்தை வெளியே விட்டவள் என்று ஒருமுறை பேச்சு கிளம்பினால், இதே தொழிலில் உள்ள மற்ற இடங்களிலும் கதவு சாத்திவிடும். அவளுக்கு வேறு தொழில் தெரியாது.

செவ்வாய்க்கிழமை அவளைக் கூப்பிட்டு விசாரித்தாள் என் மனைவி. அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் சொன்னாள்.

"நாப்பது நிமிஷம் நின்னு பேசினா. அத்தனையும் பொய்."

"என்ன சொன்னா?"

"ரெண்டு மணிக்கே கிளம்பிட்டாளாம். ஸ்கூல் பதினஞ்சு நிமிஷ நடை. ரெண்டு பன்னெண்டுக்குப் படம் எடுத்துட்டுக் கிளம்பினாலும் ரெண்டரைக்குப் போயிடலாம். கணக்கு சரியா வருது."

"நாப்பது நிமிஷமும் நிக்க வெச்சா பேசின?"

"விசாரணைக்கு எதுக்குங்க நாற்காலி?"

நர்சுகள் பஞ்சும் கையுறையும் வாங்கிப்போக வரும் நேரம் அது. ஏழெட்டுப் பேர் அறைக்குள்ளேயே இருந்திருக்கிறார்கள். அவர்களில் பெரியக்காவும் ஒருத்தி. முப்பத்தொன்றாம் போன் வீட்டில் மதிய முறை பார்ப்பவள் அவள்தான். வயதிலும் அனுபவத்திலும் மூத்தவள், ஆபீசில் என் மனைவி சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் ஒரே ஆள். புதுசு சுற்றிலும் பார்த்து, "நீங்க யாராவது சொல்லுங்களேன்" என்று கேட்டாளாம். யாரும் வாயைத் திறக்கவில்லை. அது அவளுக்கு எதிரான சாட்சி என்றே என் மனைவி எடுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினாள். அந்தப் படத்தின் நகல். ஆபீஸ் காகிதம் எதையும் அவள் அதற்குமுன் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. நீட்டியபோதும் கட்டைவிரலால் நோயாளியின் பெயரை அழுத்தி மறைத்துக்கொண்டிருந்தாள். புண் இருந்த பாதியை ஏற்கெனவே மடித்துவிட்டிருந்தாள்.

"நீங்க நாள் பூரா காகிதத்தையே பாக்கறவரு. இதுல ஏதோ உறுத்துது. என்னன்னு சொல்லுங்க."

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். எனக்குப் போன் பற்றி ஒன்றும் தெரியாது. கண்ணில் பட்டதைச் சொன்னேன். "எழுத்து ரொம்பப் பெருசா இருக்கே."

அவள், பறிமுதல் செய்து வைத்திருந்த முப்பத்தொன்றாம் போனைக் கைப்பையிலிருந்து எடுத்தாள். (அதையும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.) திங்கட்கிழமை காலை முறையில் புதுசின் கையிலிருந்து வாங்கிய போன் அது, எழுத்து அவள் வைத்த அளவிலேயே இருந்தது. அதே பக்கத்தைத் திறந்தாள். திரையில் ஒன்பது மாத்திரைகளின் பெயர் வரிசையாகத் தெரிந்தது. காகிதத்தில் இருந்த படத்தில் நாலுதான் இருந்தன. எழுத்தை ஒரு படி பெரிதாக்கினாள், ஆறு வந்தது. இன்னொரு படி. நாலு.

"புதுசுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்" என்றாள்.

அப்புறம் அவள் கம்ப்யூட்டரைத் திறந்து பதிவை முதலிலிருந்து படித்தாள். இந்த முறை அந்த ஒரு வரியை மட்டுமல்ல, அதற்கு மேலே இருந்ததையும். சனிக்கிழமை, ஒன்று ஐம்பத்தெட்டு: கைகழுவும் வீடியோ தொடங்கியது. இரண்டு இரண்டு: திரும்பவும் அதே வீடியோ. இரண்டு ஆறு: மூன்றாவது தடவை. வெள்ளிக்கிழமையும் இரண்டு மணியை ஒட்டி வீடியோ. வியாழக்கிழமையும். வேறு போன்களைப் பார்த்தாள். எல்லா வீட்டிலும் இரண்டு மணிக்குக் கைகழுவக் கற்றுக்கொண்டிருந்தார்கள். வேறு நேரங்களில் யாருக்கும் அந்த ஆர்வம் இல்லை.

வியாழக்கிழமை அவள் யாரிடமும் சொல்லாமல் பஸ் பிடித்து வேறு ஒரு நோயாளியின் வீட்டுக்குப் போய், இரண்டு மணிக்குச் சரியாக அறை வாசலில் நின்றாள். ஆறு வருடத்தில் ஒரு வீட்டுக்குள்ளும் போய்ப் பார்க்காதவள். உள்ளே கட்டிலில் ஒரு பெரியவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். நர்ஸ் கையுறையோடு அவர் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்த போனில் அந்த வீடியோப் பெண் விரலிடுக்கைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். மதிய முறை நர்ஸ் வந்தாள், பையை வைத்தாள், ஜாடியிலிருந்து போனை எடுத்தாள், வீடியோவை நிறுத்திவிட்டு மாத்திரைப் பக்கத்தைத் திறந்தாள். பெயர் மாறவில்லை. பாஸ்வேர்டும் அடிக்கவில்லை. வீடியோ ஓடும்வரை போன் பூட்டிக்கொள்ளாது. அவ்வளவுதான் சூட்சுமம்.

வாசலில் பூட்டக்கா நிற்பதைப் பார்த்ததும் இருவருக்கும் முகம் வெளுத்துவிட்டது. பெரியவரைத் தாங்கிப் பிடித்திருந்தவள்தான் முதலில் பேசினாள்.

"அக்கா, கையுறையக் கழட்டி, உங்க பன்னெண்டு எழுத்த அடிச்சு, ரெண்டு தடவை தப்பாப் போயி, திரும்ப அடிக்கறதுக்குள்ள இவருக்கு மூச்சு முட்டிடும். நாங்க என்னதான் பண்றது?"

"எத்தன வீட்ல இப்படி?"

"எந்த வீட்ல இல்லன்னு கேளுங்க."

"யாரு முதல்ல கண்டுபிடிச்சது?"

"புதுசு."

பஸ்ஸில் திரும்பி வரும்போது தனக்கு வந்தது வெட்கம் இல்லை, ஆத்திரம் என்று அவள் பிறகு சொன்னாள். ஆயிரத்து நானூறு தடவை. சுவரில் ஒட்டியிருக்கிறது. புதுசு ஏன் இதைச் செவ்வாய்க்கிழமையே சொல்லவில்லை என்று யோசித்துக்கொண்டே வந்தாளாம். சொன்னால் நாற்பத்தெட்டு வீட்டிலும் எல்லோரும் மாட்டுவார்கள். அந்த ஏழெட்டுப் பேருக்கும் அது தெரியும். அதனால்தான் அவள், நீங்க சொல்லுங்களேன் என்று கேட்டிருக்கிறாள். அவர்களும் அதனால்தான் தரையைப் பார்த்திருக்கிறார்கள்.

அன்று மூன்று மணிக்குப் பெரியக்காவும் அவளும் ஆபீசின் பின்னறையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். முப்பத்தொன்றாம் போன் வீட்டு வேலை நின்றுபோனதால் பெரியக்காவை ஒரு புது நோயாளிக்குப் போட்டிருந்தார்கள். மறுநாள் பதினொரு மணிக்குத் தொடங்க வேண்டும். அதற்கான நாற்பதாம் போனை வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தாள். என் மனைவி அந்தப் போனில் எழுத்தை இருப்பதிலேயே சிறிதாக்கி வைத்துக் கொடுத்தாள்.

"எல்லாம் சரியா ஏறியிருக்கா, முதல் ரெண்டு வரியப் படிச்சுச் சொல்லுக்கா."

பெரியக்கா கண்ணாடியைக் கழற்றினாள். போனை அருகே கொண்டுவந்தாள், கையை நீட்டித் தள்ளிப் பிடித்தாள், ஜன்னல் பக்கம் திருப்பினாள். பிறகு மேசையில் வைத்துவிட்டாள். கவிழ்த்து வைத்தாள்.

"என்னை ஆழம் பாக்கறியா? கேக்க வேண்டியத நேராக் கேளு."

"சனிக்கிழமை ரெண்டு பன்னெண்டுக்கு அந்தப் போன் யார் கையில இருந்துச்சு?"

"என் கையில."

அந்த அம்மாளின் தங்கை தினமும் கூப்பிட்டு, அக்காவுக்கு என்ன மருந்து, புண் ஆறுகிறதா என்று அழுவாராம். வாயால் சொன்னால் புரியவில்லை என்று தன் போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். கதவு எண் அதில் இருப்பதைக் கவனிக்கவில்லை. தங்கை வேறு ஒரு டாக்டரிடம் காட்டுவதற்காக இன்னொருவருக்கு அனுப்ப, அது அங்கிருந்து கிளம்பிவிட்டது. பிரச்சினை வெடித்ததும் அந்தத் தங்கையும் வாயை மூடிக்கொண்டார்.

"ஏன்க்கா எங்கிட்டச் சொல்லல?"

"நீ எங்க என்னைக் கேட்ட? உன் கம்ப்யூட்டரக் கேட்ட. அது ஒரு பேரு சொல்லுச்சு. அதோட நிறுத்திக்கிட்ட."

"அவ கேட்டாளே. எல்லார் முன்னாடியும் கேட்டாளே. நீ பக்கத்துலதான நின்ன?"

பெரியக்கா டப்பாவை மூடினாள். இன்னும் மூன்று வருடம்தான் தனக்கு வேலை இருக்கிறது என்றாள்.

என் மனைவி சொன்னது இதுதான். "நாளைக்குப் பத்து மணிக்கு மேனேஜர்கிட்டப் போறேன். என் தப்ப நான் சொல்லிடுவேன். உன் தப்ப நீ வந்து சொல்லு. பதினொண்ணு வரைக்கும் உன் பேர நான் எடுக்கமாட்டேன். அதுக்கப்புறம் எடுப்பேன்."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவள் போனாள். பதிவில் உள்ள பெயரை வைத்து யார் கையில் போன் இருந்தது என்று சொல்ல முடியாது, தான் போட்ட பாஸ்வேர்டு விதிதான் அதற்குக் காரணம், சுவரில் இருக்கும் ஆயிரத்து நானூறும் பொய் என்று வரிசையாகச் சொன்னாள். மேனேஜர் எழுந்து அறைக்கு வெளியே போய் அந்தக் காகிதத்தைத் தன் கையாலேயே கிழித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சரி மேடம். அப்ப யாரு எடுத்தது? தெரியுமா, தெரியாதா?"

"பதினொரு மணிக்குச் சொல்றேன் சார்."

"பதினொண்ணுல என்ன விசேஷம்?"

அவள் தன் இடத்துக்கு வந்து, போன்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் மேப்பைத் திறந்தாள். நாற்பதாம் போனின் புள்ளி ஆபீசுக்கு எதிரே உள்ள பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது. பத்து இருபதுக்கும் அங்கேயே நின்றது. பத்து முப்பத்தைந்துக்கு நகர்ந்தது. ஆபீஸ் பக்கம் வரவில்லை. பஸ் போகிற பாதையில், புது நோயாளியின் வீட்டை நோக்கி, நிறுத்தம் நிறுத்தமாகப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் வேலைக்குப் போய்விட்டாள் என்று என் மனைவி முடிவு செய்துவிட்டாள். சேர்ந்து சாப்பிட்ட ஆறு வருடமும் அந்தப் புள்ளியோடு போவதுபோல இருந்தது என்றாள். அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை அவள்; அன்று சொன்னாள். அறிக்கைக் காகிதத்தை எடுத்துப் பெயரை எழுத ஆரம்பித்தாள்.

பத்து ஐம்பதுக்குப் பெரியக்கா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.

என் மனைவி அவளைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். புள்ளி மூன்று கிலோமீட்டர் தள்ளி ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன முழிக்கற? அங்க அந்தப் புது வீட்டுப் பெரியவருக்கு ஊசி போடணும். நான் இங்க வந்தா அங்க யாரு போவா? போனை இன்னொரு பொண்ணுகிட்டக் குடுத்து பஸ் ஏத்திவிட்டுட்டு வர்றேன். அதுவும் தப்புதான். ரெண்டையும் சேத்தே எழுதிக்க."

என் மனைவி அந்தக் காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பாதி எழுதிய பெயர் அதில் இருந்தது. பின்னாளில் அவள் அலமாரியில் துணிகளுக்கு அடியில் அதைப் பார்த்தேன்.

பெரியக்காவை இரண்டு மாதம் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். திரும்பச் சேர்ந்தாள்; ஆனால் பின்னறைச் சாப்பாடு நின்றுபோனது. இருவரில் யார் நிறுத்தியது என்று எனக்குத் தெரியாது. என் மனைவியைக் கேட்டால், "அவங்களுக்கு டைம் ஒத்து வரல" என்பாள். புதுசு மறுநாளே வேறு ஒரு வீட்டில் காலை முறைக்குப் போனாள். பாஸ்வேர்டு பன்னிரண்டு எழுத்திலிருந்து ஆறு எண்ணாகக் குறைந்தது. பூட்டிக்கொள்ளும் நேரம் ஐந்து நிமிடம் ஆனது. போன் கைமாறும்போது பெயரை மாற்ற ஒரே ஒரு பொத்தான் என்று செய்தாள். கைகழுவும் வீடியோவை அடுத்த மாதம் பதினோரு பேர் பார்த்தார்கள்.

கையெழுத்து வாங்கிய அந்தக் காகிதத்தையும் மாற்றி எழுதினாள். பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக ஒன்று சேர்த்தாள். பதிவை வைத்து எதையும் செய்வதற்கு முன், போன் யார் கையில் இருந்தது என்று சம்பந்தப்பட்டவரை நேரில், உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.

புதுசு அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து, "உட்காரவைத்துன்னு எதுக்குக்கா எழுதியிருக்கீங்க?" என்று கேட்டாளாம். என் மனைவி, "கையெழுத்துப் போடு, அடுத்தவங்க நிக்கறாங்க" என்றாளாம். அவர்கள் இருவருக்குள் அந்த விஷயம் அத்தோடு முடிந்தது. வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. என்னிடமும் கேட்டதில்லை. கோபம் தணிந்தால் என் சட்டைப் பொத்தான்களைச் சரிபார்த்துத் தைத்து வைப்பாள்.

போன வருடம் அவளுக்கு நுரையீரலில் கட்டி என்றார்கள். விடுப்பு எடுக்கமாட்டேன் என்று பிடிவாதம். படுக்கையில் சாய்ந்தபடியே ஆபீஸ் போனில் நர்சுகளுக்குப் பதில் அனுப்பிக்கொண்டிருந்தாள். போன் திறக்கலைக்கா, சார்ஜ் ஏற மாட்டேங்குதுக்கா, புது வீட்டு எண் வரலைக்கா. விரல் நடுங்க ஆரம்பித்ததும் என்னை அடிக்கச் சொன்னாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாகத் தன் பாஸ்வேர்டை எனக்குச் சொன்னாள். ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிவிட்டு, "அடிக்கும்போது பாக்காதீங்க" என்றாள். நான் தலையைத் திருப்பிக்கொண்டு அடித்தேன். இரண்டு தடவை தப்பாகப் போனது. அவளுக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாகி, அடங்க நேரமாயிற்று.

கடைசி மூன்று நாள் அவளால் பேச முடியவில்லை. நர்சுகளின் செய்திகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. அவள் எப்படிச் சொல்வாள் என்று யோசித்து யோசித்து நானே பதில் போட்டேன். போனை மூன்று எண்ணும்வரை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டுத் திரும்பப் போடு என்பதுதான் பாதிக்கு மேல். அவள் மூச்சு நின்ற அன்று காலையிலும் ஒரு பதில் அவள் பெயரில் போயிருக்கிறது.

என் மனைவி இறந்து நாலாம் நாள் புதுசு வந்தாள். அவளைத்தான் என் மனைவியின் இடத்தில் போட்டிருந்தார்கள். எல்லாக் குறுக்குவழியும் தெரிந்த ஆளைத்தான் காவலுக்கு வைக்க வேண்டும் என்று மேனேஜர் சொன்னாராம். வேலையை விட்டுப் போகிறவரின் போனை, என்ன காரணமாக இருந்தாலும், அன்றைக்கே அழித்துவிட வேண்டும் என்பது என் மனைவி எழுதிய விதி. மூன்று நாளாகத் தள்ளிப்போட்டிருக்கிறாள். இருந்த இடத்திலிருந்தே அழித்திருக்கலாம். பஸ் பிடித்து நேரில் வந்திருந்தாள்.

போன் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. நான் எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. சுற்றிலும் பார்த்து, சுவரோரம் இருந்த நாற்காலியை இழுத்து எனக்குப் பின்னால் போட்டாள்.

"உக்காருங்க மாமா."

உட்கார்ந்தேன். அவளும் எதிரே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து ஒரு காகிதமும் பேனாவும் எடுத்தாள்.

"கடைசி மூணு நாள் எங்களுக்குப் பதில் வந்துச்சு. எல்லாம் அக்கா பேர்ல இருக்கு. அந்தப் போன் யார் கையில இருந்துச்சு?"

"எதுக்கும்மா கேக்கற?"

"ஒவ்வொரு பதிலுக்குக் கீழயும் நன்றின்னு இருந்துச்சு. அக்கா ஒருநாளும் அப்படி எழுதினதில்ல. அன்னைக்கே எங்க எல்லாருக்கும் சந்தேகம் வந்துடுச்சு. யாரும் கேக்கல."

"என் கையில" என்றேன்.

அவள் அதை எழுதிக்கொண்டாள். தேதி போட்டாள். காகிதத்தை என் பக்கம் திருப்பிக் கையெழுத்து வாங்கினாள். பிறகு போனை எடுத்தாள், அழிக்கட்டுமா என்று அது கேட்டதை எனக்குக் காட்டினாள். நான் தலையசைத்தேன். ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் ஆனது. திரை வெள்ளையாகி, புதுப் போன் வாங்கினால் கேட்குமே, எந்த மொழி வேண்டும் என்று, அதைக் கேட்டுக்கொண்டு நின்றது.

புதுசு அதை அணைத்துப் பைக்குள் வைத்தாள். கிளம்பும்போது மேசையில் கிடந்த என் போனைப் பார்த்தாள். திரை மேலே தெரிந்துகொண்டிருந்தது. போகிற போக்கில் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.